கேட் போட்டிருந்த காலை

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டுவிட்டார்கள்.
சரக்கு வண்டி. உரமோ நிலக்கரியோ,
பெட்டிகளை எண்ணத் தொடங்கி
நாற்பத்தொன்றில் விட்டேன்.
என் கணக்கு வேறு:
நூற்று முப்பது டோக்கன்,
ஒன்பதிலிருந்து ஒன்று வரை,
ஆளுக்கு ஒரு நிமிடம் ஐம்பது விநாடி.
நாற்காலியில் உட்காரவும் எழவும்
முழங்கால்கள் கேட்கும் அவகாசமும் அதற்குள்தான்.

இரண்டு டாக்டர் இருக்கவேண்டிய இடம்.
இன்னொரு மேசையில்
பதினோரு மாதமாய்
தடுப்பூசிப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது.
செவ்வாய், வியாழன், சனி நான் இங்கே.
மற்ற நாள் கொடுங்கையூர்.
அங்கேயும் ஒரு மேசை காலி.

ஸ்கூட்டரை அணைத்து நிற்கையில்
பிலோமி அழைத்தாள்.
"மேடம், கேட்டா?"
"கேட்."
"அப்ப நான் ஆரம்பிச்சிடறேன்."
எதை என்று கேட்பதற்குள்
எனக்குப் பின்னால் நின்ற தண்ணி லாரி
ஹாரனை அழுத்தியது,
ரயிலே நகர்ந்து வழிவிடும் என்பதுபோல.

போய்ச் சேர்ந்தால் வாசலில் வரிசையைக் காணோம்.
திரும்பிப் போய்விட்டார்களோ என்று நெஞ்சு அடித்தது.
உள்ளே
மாத்திரை அட்டைப்பெட்டிகளைக் கிழித்து டோக்கன்,
சுவரோரம் பெஞ்சுகள்.
பிரஷரும் சர்க்கரையும்
போன மாதம்போலவே இருப்பவர்களுக்கு
அதே மருந்து, நேராக ஜபருல்லாவின் ஜன்னல்.
கட்டு மாற்ற வந்தவர்கள் குழாய்ப் பக்கம்.
எண் ஏறியவர்கள், உடம்பு இளைத்தவர்கள்,
"இது வேற மாதிரி இருமல்" என்று அவளுக்குப் பட்டவர்கள்
என் கதவருகே.
முப்பத்தெட்டுப் பேர்.

கோபம் வந்தது, ஒளிப்பானேன்.
யார் அனுமதி? எந்த ஆணை?
ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் தலை?
அவள் நோட்டை நீட்டினாள்.
சிவப்பு மையில் கோடு போட்டு
எந்த எண்ணைத் தாண்டினால் என்னிடம்,
எந்தக் கேள்விக்கு ஆமாம் என்றால் என்னிடம்.
எல்லாம் என் வாயிலிருந்து விழுந்தவை.
மூன்று வருடம் அதே வாக்கியங்களை
தினம் நூறு முறை சொன்னேன்.
கேட்டுக்கேட்டு அவளுக்கு மனப்பாடம்.

ஒரே ஒரு எண்ணை அடித்துத் திருத்தினேன்.
டாக்டர் என்று காட்டவேண்டாமா.

ஏழாவதாக தேசம்மா.
வயிற்று வலி. எப்போதும் வயிற்று வலி.
எப்போதும் அந்த வெள்ளை மாத்திரை.
இரண்டாவது நிமிடம் முடிகையில்
பழக்கத்தில் தானாகவே எழுந்துவிட்டாள்.
"உட்காருங்க" என்றேன்.
உட்கார்ந்தவளுக்கு அடுத்து என்னவென்று தெரியவில்லை.
எனக்கும் தெரியவில்லை.
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.

"தண்ணியே குடிக்கறதில்ல டாக்டரு.
டோல்கேட்டாண்ட பிளாட்பாரத்துல இட்லிக் கடை.
காலைல நாலு மணிக்குக் குந்துனா
பொழுது சாயத்தான் எழுந்துக்கறது.
எதிர்ல பங்க்ல கக்கூஸ் கீது.
சாவி குடுக்க மாட்டான்.
அதான்... அடக்கிக்கறது."

வலி அடிவயிற்றில் என்று
அன்றுதான் கை வைத்துக் காட்டினாள்.
அன்றுதான் நான் கேட்டேன்.

சிறுநீர்ப் பரிசோதனை என்று எழுதினேன்.
சாவி என்று எழுத
அந்தச் சீட்டில் கட்டம் இல்லை.

எல்லாம் சரியாக நடந்ததென்று சொல்லமாட்டேன்.
பன்னிரண்டு மணிக்கு
கட்டு மாற்றும் பெஞ்சிலிருந்து
ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள் பிலோமி.
புண்ணைப் பார்த்தவள்
காய்ச்சலைக் கவனிக்கவில்லை.
பிள்ளை பிழைத்துக்கொண்டது.
மாலையில் நோட்டில்
இன்னொரு சிவப்புக் கோடு சேர்ந்தது.

மேலிடத்தில் விஷயம் போய்
நல்ல ஏற்பாடு என்றார்களாம்.
நல்ல ஏற்பாடுதான்.
அதனால் இரண்டாவது டாக்டர் எதற்கு என்று
யாரும் கேட்டுவிடக் கூடாதே என்றிருக்கிறது.
பிலோமிக்கு இன்னும் ஒப்பந்தச் சம்பளம்.
தடுப்பூசிப் பெட்டி
இன்னும் அதே மேசையில்.

இந்த வியாழன் கேட் திறந்திருந்தது.
எட்டரைக்கே போய்விட்டேன்.
அவள் பிரஷர் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
கத்தரிக்கோல் கிடைக்கவில்லை.
தரையில் உட்கார்ந்து
கையாலேயே அட்டை கிழித்தேன்,
கோணலும் மாணலுமாக.