டாப்பெட் சத்தம்

"இப்போ சத்தமே இல்ல, கேட்டுப் பாரு" என்று
சிரித்தபடி வந்து நின்றான் போஜராஜ்,
கட்டபெட்டுச் சரிவின் செம்மண் அப்பிய
நூற்றுப்பத்து சிசி குட்டி வண்டியோடு.
காலையில் மட்டும் இருபது உதை கேட்கிறதாம்.

இன்ஜினில் கை வைத்தேன். கொதித்தது.
நாளைக்கு வா என்றேன்.
ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்றான்.
நாளைக்கு வா.

ஐந்தரை மணி. தகரக் கூரையில் உறைபனி.
இரவெல்லாம் வெளியே கிடந்த இரும்பு
ஸ்பானர் வழியாக விரலைக் கடித்தது.
மூடிகளைக் கழற்றி, மேக்னட்டை மெல்லத் திருப்பி
'டி' கோடு நேரே வந்ததும் நிறுத்தினேன்.
இரண்டு ராக்கரும் இப்போது ஆடவேண்டும்.
இன்லெட் ஆடியது.
எக்ஸாஸ்ட் கல்.

ஃபீலர் கேஜில் ஆக மெல்லிய தகடு,
தேயிலைக் கொழுந்தைவிட மெல்லியது,
அதுவும் நுழையவில்லை.
இந்த மௌனத்தைத்தான்
வண்டி தானாகக் குணமானதென்று
ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறான்.
உள்ளே, முழுதாய் மூடமுடியாத வால்வு
விளிம்பு விளிம்பாகக் கருகிக்கொண்டிருந்தது.

நட்டைத் தளர்த்தி, திருகைக் கொஞ்சம் பின்வாங்கி
மில்லிமீட்டரை நூறாக்கி அதில் எட்டு.
தூங்கும் பிள்ளையின் தலைக்கடியிலிருந்து
துண்டை உருவுவது போல
தகடு வரவேண்டும்.
நட்டை இறுக்கினால் திருகும் கூடவே சுற்றுகிறது, சனியன்.
மறுபடி.
மூன்றாம் தடவை நின்றது.

ஒரே உதை.
டிக்டிக்டிக்டிக்.

"ஐயோ, சத்தம் வருதே ரெஜினா!"

வரட்டும் என்றேன்.
அந்தச் சத்தத்துக்காக
ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனான்.
வளைவு தாண்டியும் கேட்டது.