தீனிப்பை

பெனாகாவில் விதைத்த நான்காம் நாள்
ரொஸ்லான் போனில் கத்தினார்:
வயலெல்லாம் மணிப்புறா, துப்பாக்கியோடு வா,
தலைக்கு இரண்டு ரிங்கிட்.

ஞாயிறு விடியுமுன் போய்விட்டோம்
நானும் மச்சான் குணாளனும்.
வாய்க்கால் கரையில் வலை கட்டி
சேற்றில் ஆறு பிளாஸ்டிக் புறாக்களை நட்டோம்.
ஒன்றின் நெஞ்சில் இன்னும் விலைச்சீட்டு.
மற்ற நாளில் நான் பட்டர்வொர்த்தில்
ஏர்கோன் கழுவுகிறவன்.
காத்திருக்கத் தெரியும்.

ஏழு மணி. ஏழரை.
ஒரு கொக்கு வந்து எங்கள் பொய்ப் புறாவை
உற்றுப் பார்த்துவிட்டு
இரண்டடி தள்ளி நின்றுகொண்டது.
மணிப்புறாக்கள் வராமல் இல்லை.
இரண்டாக, ஐந்தாக, எட்டாத உயரத்தில்,
சம்பளம் போட்ட அன்று வங்கிக்குப் போகிறவர்கள்போல
பக்கம் பார்க்காமல்,
எல்லாம் ஒரே திசையில்.

குணாளன் தேநீர் ஊற்றினான்.
"நாம வர்றது தெரிஞ்சுபோச்சு."
"யாரு சொன்னது?"
"கொக்குதான்."

போன வருடமும் இப்படித்தான்.
தாசேக் குளுகோர் பக்கம் ஓர் அத்தி பழுத்தது,
பத்து நாள் பச்சைப்புறா ஒன்றுகூட
எங்கள் பக்கம் திரும்பவில்லை.
தோட்டா எத்தனை என்பதல்ல,
எங்கே என்ன பழுத்திருக்கிறது என்பதுதான் கணக்கு.
அதை லைசென்ஸில் யாரும் எழுதித் தருவதில்லை.

ஒன்பதரைக்கு ஒன்று தாழ்ந்து வந்தது.
இறங்க அல்ல, கடக்கத்தான்.
சுட்டேன்.
விழுந்த இடத்தில் நீர் கொஞ்சம் கலைந்து
பிறகு வானத்தை மறுபடி ஒட்டிக்கொண்டது.

எடுக்கும்போது கழுத்துக்குக் கீழே
தீனிப்பை புடைத்திருந்தது,
பிள்ளை கன்னத்தில் மிட்டாய் ஒதுக்கியதுபோல.
பேனாக்கத்தியால் கீறினேன்.
உள்ளங்கையில் கொட்டியது
பழுப்பும் கறுப்புமாய்க் காட்டுச்சாமை,
நூறா, இருநூறா,
இன்னும் சூடாக.
நெல்? மூன்று.
மறுபடி எண்ணினேன்.
மூன்றுதான்.

பறவை போகவிருந்த திசையில் போனோம்.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்
ஏழு வருடமாய் நின்றுபோன வீடமைப்புத் திட்டம்.
பலகையில் வெளுத்த குடும்பம் ஒன்று
இல்லாத வாசலில் சிரிக்கிறது.
தகர வேலிக்குள் இடுப்பளவு புல்,
கதிர் முற்றி, மழைக்குச் சாய்ந்து.
அடியில் முந்நூறு புறா இருக்கும்.
தெரியவில்லை, கேட்டது:
மெல்லிய, ஓயாத கொறிப்பு.
அங்கே சுட முடியாது. பள்ளி, சாலை.
சுட முடிந்தாலும், என்றேன்.
குணாளன் மிச்சத்தைக் கேட்கவில்லை.

ரொஸ்லானிடம் உள்ளங்கையை நீட்டினேன்.
உங்கள் விதையைக் காப்பது இந்தக் களைதான், பாக் லான்.
இது தீரும்வரை அவை வயலில் இறங்காது.
அவர் கையைப் பார்க்கவில்லை.
வேலியைப் பார்த்தார்.
"இந்தப் புல்தானே என் வயலுக்குள் வருகிறது?"

புதன்கிழமை மருமகனின் டிராக்டர்
வேலித் தகரத்தைச் சாய்த்து நுழைந்தது.
ஒரு மத்தியானத்தில் புல் மண்ணுக்குள்.
அன்றிரவு மழை.
வயலில் அரித்துப்போன மூலைகளில்
ரொஸ்லான் மறுபடி விதைத்தார்.

அடுத்த ஞாயிறு தேநீர் ஊற்ற நேரமில்லை.
பிளாஸ்டிக் புறாவின் தோளோடு தோளாக
வந்து இறங்கின.
ஐம்பத்துநான்கு.
நூற்றெட்டு ரிங்கிட்டை ஈரக் கையால் எண்ணித் தந்து
ரொஸ்லானே ஒன்றைக் கீறிப் பார்த்தார்.
"நான் சொன்னேன் இல்லையா? நெல்."
முளைவிட்ட நெல், பை நிறைய.
அவர் சொன்னது பொய்யில்லை.

வீட்டில் சுபாஷிணி பறவை கழுவிய தண்ணீரைப்
பூச்சட்டியில் ஊற்றினாள்.
முதல் புறாவின் விதைகளும் அதே சட்டியில்தான்,
சட்டைப்பையிலிருந்து நான் உதறியவை.

இப்போது அங்கே ஏதோ முளைத்திருக்கிறது.
எதைப் பிடுங்க, என்று கேட்கிறாள்.
குழலுக்குள் எண்ணெய்த் துணியை விட்டபடி
எட்டிப் பார்க்கிறேன்.
விரலளவு உயரத்தில்
இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.