அறுபத்தொரு சதவீதம்

எட்மன்டனில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பேஸ்மென்டில் புராசசர் தொண்ணூற்றிரண்டு.
நடுவே, இரட்டைக் காலுறையோடு நான்.

எட்டு வயதுச் சில்லு.
நாலு கேமரா, ஒரு இரவல் ட்ரோன்,
நானூறு பேர் சாப்பிட்ட கலியாணத்தை
ஒற்றைக் கோப்பாக அரைத்துக்கொண்டிருக்கிறது,
ஊறாத உளுந்து போட்ட கிரைண்டர்போல
இடையிடையே முனகி.
கோப்பின் பெயர்: யதுஷா கலியாணம் கடைசி மூன்று.
கடைசி இரண்டில் மாப்பிள்ளை கறுப்பாய்த் தெரிகிறாராம்.
மாமியாரின் முறைப்பாடு.

புதியது நானூற்றுப் பத்தொன்பது டாலர்.
அது இந்த மதர்போர்டில் உட்காராது.
மதர்போர்டை மாற்றினால் பழைய ரேம் பொருந்தாது.
ரேமும் வாங்கினால்
பவர் சப்ளை தாங்குமா என்று பார்க்கவேண்டும்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
வரியோடு ஆயிரத்துச் சொச்சம்.
காருக்கு இன்னும் பனிக்கால டயர் போடவில்லை.

பாதி நேரத்தில் முடியும் என்றான் கடைப்பையன்.
மிச்சப் பாதியை என்ன செய்வது என்று
அவனிடம் கேட்கவில்லை.
நித்திரை கொள்ளலாம்.
கொள்ளமாட்டேன்; இன்னொரு கலியாணம் ஒப்புக்கொள்வேன்.

இரண்டே காலுக்கு யதுஷாவிடமிருந்து செய்தி.
'அண்ணா, வீடியோவுக்கு இனி அவசரமில்லை.'
போன கிழமைவரை
நாளுக்கு மூன்று தரம் கேட்டவள்.

'இனி' என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏன் என்று எழுதினேன். அழித்தேன்.
சரி தங்கச்சி என்று அனுப்பினேன்.

புதிய சில்லு இருந்திருந்தால்
வெள்ளிக்கிழமையே கொடுத்திருப்பேன்.
இருவரும் ஒரு சோபாவில் இருந்து பார்த்திருப்பார்களோ?
இல்லை, இது வீண் கணக்கு.
மூன்று மணி நேரத்தில் முடியும் வேலைகளின் பட்டியலில்
அது வராது.

திரையில் அறுபத்தொன்று.
தாலி ஏறிவிட்டது.
அறுகரிசி இன்னும் அந்தரத்தில்.
ரத்து என்ற பொத்தான்மேல்
சுட்டியைக் கொண்டுபோய் வைத்தேன்.
அங்கேயே கிடந்தது என் கை.

சில்லுக்கு ஒன்றும் தெரியாது.
ஒவ்வொரு அரிசியாக, ஒவ்வொரு பிரேமாக
கூட்டிக்கொண்டே போகிறது,
அவள் சிரிப்பில் ஒரு புள்ளியும் குறைக்காமல்.

கடைப்பக்கத்துக் கூடையில் புதியது அப்படியே இருக்கிறது.
நள்ளிரவுக்குப் பிறகு இருபது டாலர் இறங்கியிருக்கிறது.
நான் கேஸின் பக்கத் தகட்டைக் கழற்றி
பாதங்களைக் கிட்ட நீட்டினேன்.
நல்ல சூடு.

அறுபத்திரண்டு.