சேவை நிறுத்தம்

விசிறிக் கம்பெனி மூன்று வரி மின்னஞ்சலில்
சர்வரை மூடிக்கொண்டது.
அன்றிரவே கைப்பேசியில் வட்டம் சுற்றியது,
விசிறி சுற்றவில்லை.

ஈசூன், பதினொன்றாம் மாடி.
இரண்டு வாரம் வியர்த்தபடி
எந்த ஊரென்றே தெரியாத சர்வரை ஏசினேன்.

பிறகு ஏணி. கீழே டார்ச்சோடு தமயந்தி:
"புதுசே அறுபது வெள்ளிதான்."
மூடியைக் கழற்றினால்
சர்க்யூட் பலகையில் குறுக்காக ஒரு காய்ந்த பல்லி,
முன்கால் ஒரு தடத்தில், வால் இன்னொன்றில்.
ஏசியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

சிம் லிம் டவரில் கெப்பாசிட்டர் இரண்டு வெள்ளி,
சுவருக்கு ஒரு சாதா சுவிட்ச்.
ஈயம் உருகிய வாசனை
சோற்றிலும் இருந்ததாம்.

இப்போது காற்று வருகிறது.
தட்டும்போதெல்லாம் சுவிட்ச்
உச்சுக்கொட்டுகிறது.
தமயந்தி பேச்சை நிறுத்தி
எந்தத் திசையென்று பார்க்கிறாள்.