எது காரம்

அழகாபுரம், மூன்றாவது மாடி.
நைட் ஷிஃப்ட்டில் நாங்கள் ஏழு பேர்.
எனக்கு அடுத்த நாற்காலி கோவர்தன்.

பிப்ரவரியில் ஒருநாள், அதிகாலை மூன்றே கால்,
டெர்மினலில் ஒரு வரி சிவப்பாக வந்தது.
அதைப் பச்சை என்று வாசித்து
முடிந்தது என்று மெயில் போட்டான்.
எங்கோ ஒரு மருந்துக்கடைக் கணக்கு
விடிந்து வெகுநேரம் திறக்கவேயில்லை.

மேனேஜர் கேட்டபோதெல்லாம்
தூக்கம் சார் என்றான்.
நானும் தூக்கம் என்றே நம்பினேன்,
நாலு ரோட்டு வண்டிக்கடையில்
தட்டுவடை செட் சாப்பிடப் போகும்வரை.
அங்கே இரண்டு தூக்கு.
ஒன்றில் காரச் சட்னி, இன்னொன்றில் புதினா.
எது வைக்க என்று கடைக்காரர் கேட்க
இவன் குனிந்து மோந்து பார்த்துவிட்டு
இது என்றான்.

கேட்டேன்.
வாய் நிறைய வடையோடு சொன்னான்:
ரெண்டும் ஒரே மண்ணுதான் எனக்கு.

அம்மாபேட்டையில் அவர்களுக்குச் சாயப்பட்டறை.
அரக்கா கிளிப்பச்சையா என்று நூல் முன்னால் திணறுகிற பையனை
கம்ப்யூட்டர் படி, அதில் ஏது கலர் என்று
அனுப்பிவைத்தார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு உட்கார்ந்தேன்.
பூஜ்யம் முதல் பதினைந்துவரை
பதினாறு நிறம் வேண்டும்.
ஒவ்வொன்றுக்கும் ஆறு இடம்,
எண்ணும் எழுத்தும் கலந்து, லாரி நம்பர் பிளேட் மாதிரி.

கறுப்புக்கு முழுக் கறுப்பு வைக்கவில்லை.
கரண்ட் போன ராத்திரியில் சேர்வராயன் மலை
வானத்தைவிட ஒரு சொட்டுத்தான் கூடுதல் இருட்டு;
அந்தச் சொட்டு.
வெள்ளைக்கு மேக்னசைட் மேட்டை நினைத்தேன்.
கண் கூசியது.
கொஞ்சம் அழுக்காக்கினேன்.
தவறுக்கு ஏற்காட்டுச் சாலையோரம்
கூடையில் விற்கிற ஆரஞ்சு.
வெற்றிக்கு நீலம்,
கோரிமேட்டிலிருந்து ஆறு மணிக்குத் தெரிகிற மலை நீலம்.
மஞ்சள் என்றதும் மாம்பழத்துக்குக் கை போனது.
சேலத்துக்காரி புத்தி என்று கலைத்துவிட்டு
பனியில் கொண்டை ஊசி திரும்புகிற பஸ்ஸின்
ஹெட்லைட்டை வைத்தேன்.

ஆரஞ்சையும் மஞ்சளையும் இரண்டு கட்டமாக
அவன் போனுக்கு அனுப்பினேன்.
ஒண்ணு என்றான்.
மஞ்சளை வெளிறவைத்தேன்.
ஒண்ணு.
இன்னும் வெளிறவைத்தேன்.
ஏதாவது வேலை இருந்தா பாரேன் என்றான்.
ஒன்பதாவது தடவை
கொஞ்சநேரம் பதிலே இல்லை.
பிறகு வந்தது: வேற.

ஃபைலுக்குத் தட்டுவடை என்று பெயர் வைத்தேன்.

திங்கள் இரவு அவன் மெஷினில்
புள்ளியில் பெயர் தொடங்குவதால்
கண்ணில் படாமல் கிடக்கும் ஃபோல்டரைத் தேடிப்பிடித்து,
பழைய செட்டிங்குக்கு ஒரு பிரதி எடுத்துவைத்து,
புதியதை உள்ளே போட்டு,
மூடித் திறந்தோம்.

ஒன்றும் மாறவில்லை.

மறுபடி மூடித் திறந்தோம்.
அதே கறுப்பு. அவனுக்கு அதே மண்.
பரவால்ல விடு என்றான்,
பழகிய குரலில்.
அந்தக் குரல்தான் பிடிக்கவில்லை எனக்கு.
திரையில் விரல் வைத்து
வரிவரியாக இறங்கினேன்.
பத்தொன்பதாவது வரியின் கடைசியில்
ஒரு காற்புள்ளி இல்லை.
மொத்தமும் அதற்காக நின்றிருந்தது.
போட்டேன்.

ஜன்னல் ஒருதரம் வெறுமையாகி
மலை வந்தது.
அடிவாரத்தில் கர்சர் மினுங்கியது.

கோவர்தன் நன்றி எதுவும் சொல்லவில்லை.
நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு
இல்லாத ஒரு கட்டளையை அடித்தான்.
அப்படி ஒன்று இல்லை என்றது, ஆரஞ்சில்.
வேறொரு தப்பு. ஆரஞ்சு.
ஒரு சரியானது. நீலம்.
தன் பெயரையே அடித்துப் பார்த்தான்.
கோவர்தன் என்று ஒன்று இல்லை.
சத்தமாகச் சிரித்தான்.
கடைசி நாற்காலி பத்மாவதி
ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

டீக்குப் போகலாமா என்றேன்.
இரு, என்றான்,
இன்னும் ஒரே ஒரு தப்பு.