ஒப்படைப்பு

கோட்டைக் கழற்றாதே நெட்சாய், குளிர்கிறது.
வும்பா மலையின் மூடுபனி
கண்ணாடி உடைந்த ஜன்னல் வழியே நுழைந்து
ஏழாம் படுக்கைவரை வந்து படுத்திருக்கிறது.
அதையும் சேர்க்காமல் நாற்பத்தோரு பேர்.
படுக்கை முப்பத்து நான்கு.
மிச்சக் கணக்கைத் தரையில் பார்த்துக்கொள்.

மூன்றில் சிக்வான்ஹா. காய்ச்சல் இறங்கவில்லை.
மருந்து சீட்டில் இருக்கிறது, மருந்தகத்தில் இல்லை.
வெளியில் வாங்கி வருகிறேன் என்று மகன் போனான்.
போனது நேற்று மாலை.

ஒன்பதில் தையல் பிரிகிறது.
கையுறை கேட்டு எழுதினேன், ஒரு ஜோடி வந்தது.
இடது கைக்கு ஒன்று.
இடது கைக்கே இன்னொன்று.
சிரி, பரவாயில்லை, நானும் சிரித்தேன்.

பதினான்கு
காலி.

மூன்றரைக்குக் காலியானது.
மின்சாரம் போயிருந்தது. நான் அந்தக் கோடியில்
கைப்பேசி விளக்கைப் பல்லில் கவ்விக்கொண்டு
ஒரு குழந்தையின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன்.
அவர் கூப்பிட்டாராம்.
இரண்டு முறை கூப்பிட்டாராம்.
பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார்,
குற்றம் சாட்டும் குரலில் இல்லை,
கடைசி பஸ் போய்விட்டது என்று சொல்வார்களே, அப்படி.

ஹராரேக்குத் தேர்வெழுதப் போனேனே, நினைவிருக்கிறதா?
இந்த வார்டில் நாலு மாதம் அவித்த முட்டை விற்ற காசு.
டாக்டர்கள் தின்றார்கள், நீயும் தின்றாய்.
பதினொரு வருடமாக
இறந்த நேரத்தை ஆங்கிலத்திலேயே குறித்து வருபவளுக்கு
ஆங்கிலம் தெரியுமா என்று பார்க்கும் தேர்வு.

ஒரு சீட்டை நீட்டினார்கள்:
‘இவர் பயந்திருக்கிறார். நீங்கள் செவிலியர்.
ஐந்து நிமிடம் பேசி ஆறுதல் சொல்லுங்கள்.’
எதிரே, நோயாளியாக நடிக்கச் சம்பளம் வாங்கும் மனிதர்.
இஸ்திரி போட்ட சட்டை. நல்ல நாடி.
ஐந்து நிமிடம், நெட்சாய்!
யாரும் கூப்பிடவில்லை. எதுவும் கீழே விழவில்லை.
நான் நாற்காலியை இழுத்துப் போட்டு
உட்கார்ந்தேன்.
பெயர் கேட்டேன். எதற்குப் பயம் என்று கேட்டேன்.
முழுப் பதிலும் வந்து சேரும்வரை காத்திருந்தேன்.
எனக்குள் அப்படி ஒரு குரல் இருப்பதே
எனக்குத் தெரியாது.
அவர் கண் கலங்கியது.
அதற்கும் சேர்த்துத்தான் சம்பளமோ என்னவோ.

முடிவு நேற்று வந்தது.
பேச்சில் மிக உயர்ந்த தரம்.
லீட்ஸ் பக்கம் ஏதோ முதியோர் இல்லத்தில்
ஆள் கேட்கிறார்களாம்.
இருட்டில் பதினான்கின் முகத்தில் வெளிச்சம் அடித்துப் பார்த்தபோது
அந்த மதிப்பெண்ணும்
அதே கைப்பேசிக்குள்தான் இருந்தது,
ஒன்பது சதவீதச் சார்ஜோடு.

முச்சனேட்டா. ‘நீங்கள் களைத்துப்போவீர்கள்.’
வேலிச் சண்டையில் பக்கத்து வீட்டாருக்குச் சொல்லவேண்டியதை
அப்பா எனக்குப் பெயராக வைத்தார்.
அவர் முற்றத்தில் நின்று என்னைக் கூப்பிடும்போதெல்லாம்
அவர்கள் காதில் விழவேண்டும், அவ்வளவுதான் எண்ணம்.
அவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள்.
முகவரி மாறிக் கடிதம்
எனக்கே வந்துவிட்டது.

போவாயா என்று கேட்காதே.
சான்றிதழைச் சரிபார்த்துக் கடிதம் தர
இன்னும் எத்தனை முட்டையோ.
டப்பாவில் ஆறு இருக்கிறது, ஒன்று எடுத்துக்கொள்,
காசு சம்பளம் வந்தபின் கொடு.

வேறென்ன?
பதினான்கில் விரிப்பு மாற்றவில்லை.
மாற்றிவிட்டுத் தரையிலிருந்து ஒருவரை ஏற்று.
யார் சத்தம் போட்டாலும்
அந்த நீலப் போர்வைக்காரரையே ஏற்று.
ராத்திரி முழுக்க அவர்
எதுவுமே கேட்கவில்லை.

இங்கே கையெழுத்துப் போடு.
பேனா என்னுடையது,
கொடுத்துவிடு.