மூன்றாவது கியர்

கிலோ முப்பத்திரண்டு ரூபாய்.
தராசில் முந்நூற்றுப் பத்துக் கிலோ காட்டியது.
ஏலத்தில் எடுத்திருந்த காயலான்கடை நசீர் பாய்
"டீச்சரம்மா, இத வெச்சு என்ன பண்ணப் போறீங்க" என்றார்.
நான் டீச்சர் இல்லை.
பாலக்கோடு கூட்டுறவுச் சங்கத்தில் காசாளர்.
அந்த ஏல நோட்டீசை அடித்ததே நான்தான்:
பழைய ஜப்பான் பவர் டில்லர் ஒன்று,
உள்ளது உள்ளபடி.

உள்ளது என்றால்
துருவில் இறுகிப்போன ஒற்றைப் பிஸ்டன்,
தொட்டியில் கருப்பட்டிப் பாகாய் டீசல்,
ஏர் ஃபில்டருக்குள் குளவிக்கூடு.

எனக்கு நிலம் கிடையாது.
வாடகை வீட்டின் பின்னால்
இரண்டு துணிக்கொடி அகலத்துக்கு இடம்.
தக்காளிக் கிரேடு ஆறைக் கவிழ்த்து
எஞ்சினை ஏற்றி உட்காரவைத்தேன்.
"தையல் மெஷின் வாங்கியிருக்கலாம்" என்றார் வீட்டுக்காரம்மா.
அதுவும் இருக்கிறது, ஊசி உடைந்து.

கழற்றுவது சுலபம். அதுதான் ஆபத்து.
முதல் ஞாயிற்றுக்கிழமை
முப்பத்தேழு போல்ட்டையும் ஒரே தூக்குச்சட்டியில் போட்டேன்.
அடுத்த மூன்று ஞாயிறும்
எது யாருடைய பிள்ளை என்று
திருவிழாக் கூட்டத்தில் தேடுகிறவள் மாதிரி கிடந்தேன்.
அப்புறம்தான் இட்லித் தட்டு.
குழிக்கு ஒரு போல்ட், பக்கத்தில் ஒரு சீட்டு.

மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் ஊற்றிப்
பதினோரு நாள் ஊறப்போட்டேன்.
தினமும் திருப்பூரிலிருந்து அவர் போனில் கேட்பார்:
"அசஞ்சுதா?"
இல்லை.
பன்னிரண்டாம் நாள் ராத்திரி
கட்டையை வைத்து ஒரு தட்டு.
ஒரு நூல் அளவு இறங்கியது.
ஒரே ஒரு நூல்.
அந்நேரத்துக்கு யாரை எழுப்பிச் சொல்வது?
கையைக்கூடக் கழுவாமல் தின்றேன்
மிச்சமிருந்த உப்புமாவை.

டூல்ஸ் பெட்டியின் அடியில்
எண்ணெய் குடித்த ரசீது ஒன்று.
தீர்த்தகிரி, த/பெ மாதையன்.
முப்பத்தாறில் பதினான்காம் தவணை.
முத்திரைக்குக் கீழே
என் சுருக்கொப்பம்.
துடைத்து, மறுபடி அங்கேயே வைத்தேன்.
வேறெங்கே வைப்பது?

கியர் கம்பியில்
சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி
ஹேண்டிலோடு இழுத்துக் கட்டியிருந்தது.
பார்க்க அசிங்கம்.
பிளேடால் அறுத்துக் குப்பையில் போட்டேன்.
பச்சையைச் சுரண்டினால் நீலம்,
நீலத்தைச் சுரண்டினால் ஆரஞ்சு.
ஆரஞ்சே அடித்தேன், இரண்டு கை.

மாசி மாதம் ஒரு சாயங்காலம்
ஆறாவது சுற்றில் இருமியது.
வெள்ளைப் புகை
நேராக வீட்டுக்காரம்மாவின் புடவைக்குப் போனது.
பிறகு பிடித்தது பாருங்கள்,
ஜன்னல் கம்பி, இட்லித் தட்டு, என் கடைவாய்ப்பல்
எல்லாவற்றுக்கும் ஒரே தாளம்.

சர்க்கரை ஆலை ரோட்டில்
முதல் கியர் போனது. இரண்டாவதும் போனது.
மூன்றாவதைப் போட்டால்
'எனக்கென்ன' என்று வெளியே வந்து நிற்கிறது.
பெட்டியை மூன்று தரம் பிரித்தேன்.
ஓசூரில் சொல்லிவைத்து
ஆயிரத்து நானூறு கொடுத்து ஒரு ஃபோர்க் வாங்கினேன்.
வேறு மாடல்.

இன்று மத்தியானம்
நகைக்கடன் வட்டி கட்டத் தீர்த்தகிரி வந்தார்.
என் வயதுதான் இருக்கும்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
நோட்டு எண்ணும் என் விரல்களையே பார்த்தார்.
நகக்கண்ணெல்லாம் கறுப்பு.
"ஓடுதாமே."
எண்ணிக்கை விட்டுப்போய்
மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.
"மூணாவதுதான் நிக்க மாட்டேங்குது."
"அது எப்பவும் நிக்காதுங்க.
டியூப் போட்டுக் கட்டியிருந்தேனே,
பாக்கலீங்களா?"

ரசீதில் முத்திரை குத்தினேன்,
தேவைக்கு மேல் அழுத்தி.
இரண்டாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர்
அடுத்த ஆளுக்கு வழிவிட்டு நகர்ந்தார்.

என் ஸ்கூட்டி டியூப்லெஸ்.
பஸ் ஸ்டாண்டு சைக்கிள் கடை
ஏழு மணிக்கு மூடிவிடும்.
மணி ஆறே முக்கால்.
கணக்கில் இன்னும்
ஐம்பது ரூபாய் இடிக்கிறது.